மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, ராணிப்பேட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் மதிப்பிற்குரிய தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். பிளேட் வெட்டுவது, வளைப்பது, வெல்டிங் வைப்பது, இதுதான் 30 வருஷமாக எனக்குத் தெரிந்த வேலை. அனல் மின்நிலையங்களுக்கு நாம் போடும் பணத்தைப் பற்றித்தான் இந்த மடல். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வீட்டில் உலை கொதித்ததே நிலக்கரியால்தான்.

ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலை அனல் மின்நிலைய பாய்லர்களுக்கான துணைக் கருவிகளைச் செய்கிறது. புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் இஎஸ்பி, காற்றைச் சூடாக்கும் ப்ரீஹீட்டர், ஆள் உயரத்துக்கும் மேலான ஃபேன்கள். அந்தத் தொழிலை நம்பி இந்தப் பக்கம் ஏராளமான துணைப் பட்டறைகள் முளைத்தன. அவற்றுக்கும் கீழே, ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் பட்டறை என்னுடையது. சாம்பல் விழும் ஹாப்பர், காற்று போகும் டக்ட், மேல்கூடான கேசிங் என்று எத்தனையோ உருப்படிகள் என் கையால் போயிருக்கின்றன. அவை எந்த ஊர் மின்நிலையத்தில் நிற்கின்றன என்று பாதிக்கு மேல் எனக்கே தெரியாது. அதனால் நிலக்கரியை வெறுக்கும் ஆள் எழுதுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்ல காலத்தில் 11 பேர் வேலை செய்த இடத்தில் இன்று 4 பேர் இருக்கிறோம். புது ஆர்டர் வந்தால் முதலில் மகிழ்கிறவன் நான்தான்.

அப்படியிருந்தும் இதை எழுத வைத்தது நிலைக் கட்டணம் என்கிற ஒரு சொல்.

வேலை இல்லாமல் மெஷின்கள் சும்மா நின்ற மாதங்களில்தான் அந்தச் சொல் எனக்குச் சரியாகப் புரிந்தது. ஒரு யூனிட்கூட ஓட்டாவிட்டாலும், வாங்கி வைத்திருக்கும் லோடுக்கு ஏற்ப பணம் கட்ட வேண்டும். கம்பி இழுத்து, டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, எனக்கென்று அந்த லோடை ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்கு ஒரு விலை உண்டு. அதில் எனக்குச் சண்டையில்லை. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த உங்கள் ஆணையில், சிறு தொழிலுக்குக் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் போனது. பெரிய லோடு வைத்திருந்தவர்களுக்கு இன்னும் பல மடங்கு. எட்டு வருஷமாக ஏற்றாமல் இருந்து ஒரேயடியாக ஏற்றியதற்குக் காரணம் இருந்திருக்கும். எனக்கு அந்தக் காரணத்தின் அடிவேர் தெரிய வேண்டியிருந்தது. தேடிப் பார்த்தபோது, நான் ஆணி வாங்குகிற கடைக்குக் கட்டுவது போன்ற கணக்கு இல்லை இது என்று புரிந்தது.

மின்வாரியம் ஒரு மின்நிலையத்திடம் மின்சாரம் வாங்கும்போது விலை இரண்டு பகுதியாக வருகிறது. ஒன்று எரிபொருளுக்கு. வாங்கிய யூனிட்டுக்கு மட்டும் அதைக் கொடுத்தால் போதும். இன்னொன்று அந்த நிலையத்தைக் கட்டிய செலவுக்கு: கடன், வட்டி, தேய்மானம், முதலீட்டுக்கான லாபம். மத்திய விதிகளின்படி 85 சதவீத நேரம் "நான் தயார்" என்று நிலையம் சொல்லிவிட்டாலே இந்த இரண்டாவது பகுதி முழுவதும் கொடுத்தாக வேண்டும். நாம் வாங்கினோமா இல்லையா என்பது வேறு விஷயம். இதற்கும் பெயர் நிலைக் கட்டணம்தான். ஒப்பந்தமோ 25 வருஷத்துக்கு. ஒரு யானையை வாங்கிக் கட்டிவிட்டால், திருவிழா வந்தாலும் வராவிட்டாலும் அதற்குத் தீனி போட்டுத்தானே ஆக வேண்டும்? அந்தத் தீனிதான் கடைசியில் குடியாத்தம் விசைத்தறிக்காரர் பில்லிலும், மேட்டூரிலிருந்து வேலூருக்குக் காவிரித் தண்ணீரை ஏற்றி அனுப்பும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பம்புசெட் பில்லிலும், என் பட்டறை பில்லிலும் வந்து இறங்குகிறது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை என்பது என் தம்பி மகள் மூலமாகத் தெரிந்தது. அவள் அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய நேப்பர்வில்லில் இருக்கிறாள். ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊர், நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே மின்சாரம் கொடுப்பது நகராட்சியேதான். ஒரு நாள் போனில், "பெரியப்பா, எங்க கவுன்சில்ல நிலக்கரி ஒப்பந்தத்த இன்னும் 20 வருஷம் நீட்டணும்னு கேக்கறாங்க, ஊரே பேசிக்கிட்டிருக்கு" என்றாள். நகராட்சிக்கும் நிலக்கரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவள் சொன்னதையும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கலாம். என்னைப் போல் பில் கட்டும் மற்றவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள்.

இல்லினாய் மாநிலத்தின் தெற்கே லைவ்லி குரோவ் என்ற இடத்தில் ப்ரெய்ரி ஸ்டேட் என்றொரு அனல் மின்நிலையம். 1600 மெகாவாட். நிலக்கரிச் சுரங்கம் பக்கத்திலேயே, ரயிலும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். பீபாடி என்கிற பெரிய நிலக்கரி நிறுவனம்தான் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பணத்தைப் போட்டது பெரும்பாலும் ஊர்கள். பல மாநிலங்களில் சுமார் 200 சிற்றூர்களும் நகரங்களும் தங்கள் மின்சாரக் கூட்டமைப்புகள் வழியாகப் பங்கு வாங்கின. நேப்பர்வில்லும் அப்படியொரு கூட்டமைப்பில் இருக்கும் ஊர்தான். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பணம் கட்டுகிறோம் என்று பல்லாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டன. "விலை ஏறாது, உங்கள் சொந்த நிலையம், பிள்ளைகள் காலம் வரை பயமில்லை" என்பதுதான் அவர்கள் கேட்ட நம்பிக்கை.

தொடக்கத்தில் பேசப்பட்ட செலவு 200 கோடி டாலர் அளவில். முடிந்தபோது அது 500 கோடி டாலரை நெருங்கியிருந்தது. 2012-ல் இரண்டு யூனிட்டும் ஓடத் தொடங்கின. அதற்குள் உலகம் மாறிவிட்டது. 2008-ன் பொருளாதாரச் சரிவில் தேவை குறைந்திருந்தது, பாறைக்கு அடியிலிருந்து எடுக்கும் எரிவாயு மலிவாக வந்து மின்சாரத்தின் சந்தை விலை இறங்கியிருந்தது. சந்தையில் மலிவாகக் கிடைத்த மின்சாரத்தைப் பார்த்துக்கொண்டே, இந்த ஊர்கள் தங்கள் சொந்த நிலையத்தின் விலையுயர்ந்த மின்சாரத்துக்குப் பணம் கட்டின. பட்டேவியா என்ற ஊர், நம் வாலாஜாப்பேட்டையைவிடச் சின்னது. தேவைக்கு மேல் பங்கு வாங்கிவிட்டு, மிச்ச மின்சாரத்தை நஷ்டத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. அந்த ஊர்க்காரர்கள் சிலர், ஆலோசனை சொன்ன நிறுவனங்கள்மேல் 2014-ல் வழக்கே போட்டார்கள். கென்டக்கி மாநிலத்தின் பதூக்காவும் அதே போலத் தேவைக்கு மேல் வாங்கியது. அந்த மாநிலத்திலேயே அதிக மின்கட்டணம் கட்டும் ஊர்களில் ஒன்றாகிப்போனது.

இதில் என் மனதை உறுத்துவது ஒரு தகவல். திட்டத்தைத் தொடங்கிய பீபாடி நிறுவனத்திடம் சுமார் 5 சதவீதப் பங்கு இருந்தது. கட்டிய செலவின்படி பார்த்தால் அதன் மதிப்பு 25 கோடி டாலருக்குப் பக்கம். 2016-ல் அதை 5.7 கோடி டாலருக்கு விற்றுவிட்டு அது வெளியே போய்விட்டது. நஷ்டமோ லாபமோ, ஒரு கம்பெனியால் வெளியே போக முடிந்தது. ஊர்களால் போக முடியவில்லை, அவர்கள் போட்ட கையெழுத்து அப்படி.

பிறகு 2021-ல் இல்லினாய் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2045-க்குள் ப்ரெய்ரி ஸ்டேட் நிலையத்தை மூட வேண்டும், அதற்கு முன்பே கரியமில வாயுவை 45 சதவீதம் குறைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவை விடும் நிலையம் அது. ஓடத் தொடங்கி 9 வருஷத்தில் சட்டமே எதிராகத் திரும்பிவிட்டது. கையெழுத்துப் போட்ட கவுன்சிலர்களில் எத்தனை பேர் இதை எதிர்பார்த்திருப்பார்கள்? அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊருக்கு நல்லது என்று நம்பித்தான் போட்டிருப்பார்கள். 30, 40 வருஷத்துக்கான கையெழுத்தை 5 வருஷக் கணக்கைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள்.

நேப்பர்வில்லுக்கு ஒப்பந்தம் 2035 வரை இருக்கிறது. அதை 2055 வரை நீட்டித் தர, பத்து வருஷம் முன்னாலேயே கையெழுத்து கேட்டார்கள். ஊர்க்காரர்கள் கவுன்சில் கூட்டத்துக்குப் போய் ஆளுக்குச் சில நிமிஷம் பேசினார்கள். என் தம்பி மகளும் ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவள் சொன்னதில் எனக்குப் பொறாமையாக இருந்தது இதுதான்: கையெழுத்துக்கு முன்னாலேயே கேள்வி கேட்க அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. பேச எழுந்தவர் கையில் கணக்கும் இருந்தது.

நம் கதைக்கு வருகிறேன்.

வடசென்னை அனல் மின்நிலையத்தின் மூன்றாம் நிலை, 800 மெகாவாட். 6,376 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2016-ல் தொடங்கிய வேலை, 2019-ல் முடிந்திருக்க வேண்டியது. முதலமைச்சர் திறந்து வைத்தது 2024 மார்ச்சில், செலவு 10,158 கோடி. மெகாவாட்டுக்கு 8 கோடி என்று தொடங்கி 12½ கோடிக்கு மேல் போய்விட்டது. என் பட்டறை நோட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூடிப்போன சுமார் 3,800 கோடிக்கு 10 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 380 கோடி. நிலையம் 85 சதவீதம் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 595 கோடி யூனிட். ஆக யூனிட்டுக்கு 64 காசு. பாதி நேரம்தான் ஓடியது என்றால் ஒரு ரூபாய்க்கு மேல். இது அசலும் இல்லை, நிலக்கரியும் இல்லை. காலதாமதமும் கூடுதல் செலவும் மட்டும். 10 சதவீதம் என்பது நானாக எடுத்துக்கொண்டது, உங்கள் அதிகாரிகள் சரியான வட்டியைப் போட்டுத் திருத்தித் தந்தால் நன்றியுடன் வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தத் திருத்திய கணக்கு எனக்கு எங்கே கிடைக்கும்?

எண்ணூர் விரிவாக்கத் திட்டம், 660 மெகாவாட். 2014-ல் லேன்கோ நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் திவாலாகிக் கலைப்புக்குப் போனது, வேலை பாதியில் நின்றது. பழைய எண்ணூர் நிலையம் 2017-லேயே மூடப்பட்டுவிட்டது. அதன் இடத்துக்கு வர வேண்டியது வரவில்லை, போட்ட பணத்துக்கு வட்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. உடன்குடியும், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத் திட்டமும் தலா 1320 மெகாவாட். இரண்டுமே சொன்ன தேதியில் முடியாதவை. ராமநாதபுரம் மாவட்டம் உப்பூரில் 1600 மெகாவாட்டுக்கு வேலை தொடங்கி, பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், நின்றுவிட்டது. அங்கே நிலம் கொடுத்த விவசாயிகளுக்கு என்ன பதில் என்பது தனியாக ஒரு மடலே எழுத வேண்டிய விஷயம்.

மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது ஊரறிந்தது. 2017-ல், மின்வாரியங்களின் கடனைச் சீராக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் சேர்ந்தபோது 22,815 கோடி கடனை மாநில அரசே தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் கடன் குறையவில்லை. மின்வாரியம் முதலில் இரண்டாகப் பிரிந்தது, பிறகு 2024-ல் உற்பத்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று என்று பிரிந்தது. பெயர்கள் மாறின. பில் வரும் வீடு அதேதான்.

இன்னொரு பக்கத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. 2012-ல் இந்தப் பக்கம் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. ஒரு வெல்டிங் தொடங்கினால் முடிக்க முடியாது. டீசல் ஜெனரேட்டர் ஓட்டிக் கைக்காசை இழந்தவன் நான். அந்தச் சூழ்நிலையில்தான் இத்தனை நிலையங்களும் திட்டமிடப்பட்டன, அதைத் தவறு என்று இன்று உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வராது. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியாததில்லை. கத்திரி வெயிலில் ராத்திரி 11 மணிக்கும் சுவர் சுடும். 2024 மே 2-ந் தேதி மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சூரியன் விழுந்த பிறகு அந்தத் தேவைக்கு யார் கொடுப்பது என்று மின்வாரியப் பொறியாளர் கேட்டால் அது நியாயமான கேள்வி. 2020 டிசம்பரில் குஜராத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 1 ரூபாய் 99 காசுக்கு ஏலம் போனது என்று நான் பதில் சொன்னால், ராத்திரி 8 மணிக்கு அந்த விலை உதவாது என்பார், அதுவும் உண்மை. பேட்டரி விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்கள் இருக்கின்றன, நம் காடம்பாறை 400 மெகாவாட் அப்படிப்பட்டதுதான். குந்தாவில் 500 மெகாவாட்டுக்குத் தொடங்கியதும் தாமதமாகிக்கொண்டே போனது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். யாருடைய திட்டமானாலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்காக.

ஆனால் காற்றாலையும் சூரியத் தகடும் தாமதமானால் நஷ்டம் அதோடு நிற்கிறது. நிலக்கரிக்கு அப்புறமும் ஒரு செலவு உண்டு. ஹாப்பர் செய்தவன் என்பதால் அது எனக்குத் தெரியும். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 600, 700 கிராம் நிலக்கரி எரிகிறது, நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அந்தச் சாம்பல் விழுவதற்குத்தான் நாங்கள் ஹாப்பர் செய்கிறோம். அதிலிருந்து சாம்பல் குட்டைக்குப் போகிறது. அதன் பிறகு? காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, பூண்டி வழியாகப் போய், எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர் கடைசியாகப் பார்ப்பது சாம்பல் படிந்த அந்தக் கழிமுகத்தைத்தான். அங்கே இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்தவர்களின் இழப்பை எந்த ஒப்பந்தத்திலும் நிலைக் கட்டணமாக யாரும் எழுதவில்லை.

ஆலை மூடிய பிறகு செலவு யார் தலையில் விழும் என்பதை ராணிப்பேட்டைக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிப்காட்டில் தொண்ணூறுகளின் நடுவில் மூடிய ஒரு குரோமேட் ஆலையின் கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், அப்படியே கிடக்கிறது. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் கசியும். தொழில் நடந்தபோது வந்த லாபம் யாருக்கோ போனது, மலையாகக் குவிந்தது எங்களோடு நின்றுவிட்டது. "தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை" என்று எங்கள் வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தத் தண்ணீரில்லாத பாலாற்றில் தோல் கழிவு கலந்ததற்காகத்தான் வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த அந்தத் தீர்ப்பில்தான், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், சேதம் வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. நாட்டுக்கே அந்தத் தீர்ப்பை வாங்கிக் கொடுத்த ஊரிலிருந்து எழுதுகிறேன்.

நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 86-வது பிரிவு, மின்கொள்முதல் ஒப்பந்தங்களைப் பார்த்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பை உங்களிடம் தந்திருக்கிறது. மின்வாரியம் கொண்டுவரும் செலவில் எது நியாயம், எதை நுகர்வோர் தலையில் ஏற்றக் கூடாது என்று வெட்டும் அதிகாரமும் உங்களுக்கு உண்டு. அந்தப் பேனாவைக் கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள் என்கிறேன். ஒப்பந்ததாரர் திவாலானதற்கும், ஐந்து வருஷம் தாமதமானதற்கும் ஆன வட்டியை ஒட்டுமொத்தமாகப் "திட்டச் செலவு" என்று எழுதி எங்கள் பில்லில் சேர்க்க அனுமதிக்கும் முன், யார் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

ஒவ்வொரு அனல் நிலையத்துக்கும் ஒரே ஒரு பக்கம், தமிழில் வேண்டும். முதலில் சொன்ன செலவு, இப்போதைய செலவு, முதலில் சொன்ன தேதி, கட்டும் காலத்தில் மட்டும் ஏறிய வட்டி, போன வருஷம் அது எத்தனை யூனிட் கொடுத்தது, கொடுக்காத நேரத்துக்கு எவ்வளவு நிலைக் கட்டணம் வாங்கியது. உங்கள் ஆணைகள் நூற்றுக்கணக்கான பக்கம், அதில் எல்லாம் இருக்கிறது என்று சொல்வீர்கள். இருக்கலாம். எட்டாம் வகுப்போடு நிறுத்திய என் வெல்டரும் பில் கட்டுகிறார். அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுத முடியாத செலவை அவர் தலையில் 25 வருஷத்துக்கு ஏற்றுவது சரியா என்று யோசித்துப் பாருங்கள்.

புதிதாக ஒரு நிலக்கரி ஒப்பந்தம், மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ, 25 வருஷத்துக்கு என்று உங்கள் முன் வந்தால், அதே மாலை நேர மின்சாரத்தை சூரியத் தகடும் பேட்டரியும் சேர்த்து என்ன விலைக்குத் தர முடியும் என்று ஏலத்தில் கேட்டுப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். கேட்ட விலை அதிகமாக இருந்தால் நிலக்கரியையே வாங்குங்கள், நான் எதிர்க்க மாட்டேன். கேட்காமலேயே வாங்காதீர்கள். ஐந்து வருஷம் கழித்து நிலைமை மாறினால் வெளியே வர ஒரு வழியும் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

என் தொழிலுக்கும் ஒரு வார்த்தை. பாய்லர் வேலை குறைந்தால் இந்த வட்டாரத்தில் வேலை இழப்பவர்கள் கையில் தொழில் இருக்கிறது. பிளேட் வேலை தெரிந்தவனுக்குக் காற்றாலைக் கோபுரமும் தெரியும், சூரியத் தகடு தாங்கும் சட்டமும் தெரியும், பேட்டரிப் பெட்டியும் தெரியும். மாநிலம் வாங்கும் பசுமை மின்சாரத்தின் இரும்பு வேலையில் ஒரு பங்கை ராணிப்பேட்டை மாதிரி ஊர்ப் பட்டறைகளுக்குத் தர வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைக்க உங்களால் முடியும். நாங்கள் இலவசம் கேட்கவில்லை, செய்து தர வேண்டிய வேலைக்கான டிராயிங் கேட்கிறோம்.

கடைசியாக, கருத்துக்கேட்புக் கூட்டம். 2022-ல் கட்டணம் உயர்த்துவதற்கு முன் கோவையில், மதுரையில், சென்னையில் வைத்தீர்கள். பழைய வடஆற்காடு மாவட்டத்திலிருந்து, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலையிலிருந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு சென்னைக்கு வந்து பேச எத்தனை பேரால் முடியும்? அடுத்த கூட்டத்தில் ஒன்றை வேலூரில் வையுங்கள். குடியாத்தத்துத் தறிக்காரர்கள் வருவார்கள், ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிக்காரர்கள் வருவார்கள், ஆரணிப் பட்டு நெசவாளர்கள் வருவார்கள். நானும் சிப்காட்டிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். 2014-லிருந்து என் பட்டறைக்கு வந்த எல்லா மின்கட்டண ரசீதும் ஒரு கோப்பில் வரிசையாக இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ராணிப்பேட்டை சிப்காட்டில் பட்டறை நடத்தும் ஒரு மின்நுகர்வோர்